உடலின் தராசும் நமது பேணுதலும்

மனிதன் தன் உடலுக்கு உரிமையாளனா, காவலாளியா? கேள்வி பழையது. மத்ரஸாவில் ஓதிய நாட்களில் இதற்கு விடை சொல்ல நமக்கு ஒரு நொடி போதும். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். மனிதன் அதன் காவலாளி. நாளை மறுமையில் அதைப் பற்றிக் கேள்வி கணக்கு உண்டு என்று சொல்லி முடித்துவிடுவோம். அந்த விடையின் கனத்தை ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபோதுதான் நாம் உணர்ந்தோம். அதில் நம் பிழையும் கலந்திருக்கிறது. அதை மறைக்காமல் வாசக சகோதர சகோதரிகளிடம் சொல்வது கடமை என்று கருதியே இதை எழுதுகிறோம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள பகுதி ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கிய பின், ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று இங்கே காரும் லாரியும் டயரும் மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் இரவு பகலாக உருவாகின்றன. நம் பள்ளிவாசலின் ஜும்ஆ ஸஃப்பில் இராமநாதபுரத்துப் பிள்ளையின் தோளோடு பீகார் இளைஞரின் தோளும், அவர் தோளோடு அஸ்ஸாம்காரரின் தோளும் ஒட்டி நிற்கின்றன. பாங்கு நேரத்தைப் போலவே ஷிப்ட் பஸ் நேரமும் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

2024ஆம் ஆண்டு ரமழானில் ஓர் இரவு. தராவீஹ் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இரவு ஷிப்டுக்குப் புறப்படும் அவசரத்தில், இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார்.

“ஹஜ்ரத், நோன்போடு தோலுக்கடியில் ஊசி போட்டால் நோன்பு முறியுமா?”

“முறியாது தம்பி. அது உணவும் அல்ல, வயிற்றுக்குப் போவதும் அல்ல.”

“கூடுதல் பேணுதல் எது ஹஜ்ரத்?”

“பகலில் தவிர்த்து இரவில் போட்டுக்கொண்டால் இன்னும் பேணுதல்.”

அவ்வளவுதான் பேச்சு. ஸலாம் சொல்லிவிட்டு ஓடினார். மஸ்அலாவில் நாம் சொன்ன முதல் விடை சரியானதே. ஊட்டச்சத்தாக ஏற்றப்படாத மருந்து ஊசிகள் நோன்பை முறிக்கா என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997இல் ஜித்தாவில் கூடி முடிவு செய்திருக்கின்றது. ஆனால், அது என்ன ஊசி, எந்த நோய்க்கு, எத்தனை வேளை என்று நாம் கேட்கவில்லை. நோன்பைப் பற்றிக் கேட்டார், நோன்பைப் பற்றிச் சொன்னோம். நோன்பாளியைப் பற்றி நாம் விசாரிக்கவே இல்லை.

நான்காம் நாள் காலை அவருடைய அறைத் தோழர்கள் ஓடி வந்தார்கள். விடியற்காலை முதல் வாந்தி; பேச்சில் தெளிவில்லை; ஓடி வந்தவனைப்போல் ஆழ்ந்து ஆழ்ந்து மூச்சு வாங்குகின்றார்; மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அவருக்குப் பதினான்கு வயதிலிருந்தே முதல் வகை நீரிழிவு. நாள்தோறும் இன்சுலின் போட்டாக வேண்டியவர். பகல் ஊசியைப் பேணுதலுக்காக விட்டிருக்கின்றார். இரவு ஊசியை, ஆலையில் யாராவது பார்த்து நோயாளி என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் விட்டிருக்கின்றார். சாப்பாடே இல்லாதபோது சர்க்கரைக்கு மருந்து எதற்கு என்று தமக்குத் தாமே சமாதானமும் சொல்லிக்கொண்டிருக்கின்றார்.

மறுநாள் அவருடைய தாயார் ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். நம்மைப் பார்த்ததும் கோபமில்லாத குரலில், “நீங்க சொன்னதுனாலதான் ஊசிய விட்டேண்டு சொல்றான் ஹஜ்ரத்” என்றார்கள். நம்மிடம் பதில் இல்லை.

அன்று பணியிலிருந்த பெண் மருத்துவர் நமக்குப் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு நாம் படித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே தருகின்றோம்.

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் குடலில் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. ஆரோக்கியமான ஒரு மனிதனின் இரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான். அது மிகவும் குறைந்தால் மூளை தடுமாறும். மிகவும் கூடினால் உறுப்புகள் கெடும். அந்த ஒரு தேக்கரண்டி அளவைக் காப்பதற்காகக் கணையமும் கல்லீரலும் நாம் உறங்கும்போதும் வேலை செய்கின்றன. உணவு வரும்போது கணையம் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை உயிரணுக்களுக்குள் அனுப்புகின்றது. மிஞ்சியதில் சுமார் 100 கிராம் கல்லீரலில் சேமிப்பாகின்றது. உணவு வராதபோது கல்லீரல் அந்தச் சேமிப்பைத் திறந்து விடுகின்றது. அது குறையக் குறைய உடல் கொழுப்பை எடுத்து எரிக்கின்றது. உடல்நலமுள்ளவர் ஸஹர் முதல் மஃரிப் வரை தாங்குவது இந்தக் கருவூலத்தைக் கொண்டுதான்.

உயிரணுவுக்குள் போன சர்க்கரை பிராணவாயுவோடு சேர்ந்து எரிந்து, ஏ.டி.பி. என்னும் பொருளாகச் சக்தியைத் தருகின்றது. விரல் அசைவதும் இதயம் துடிப்பதும் இதைச் செலவழித்துத்தான். இந்தப் பொருளை 1929இல் தசையிலிருந்து பிரித்துக் கண்டவர்களில் ஒருவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து இதைக் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் கண்டார். எந்த நேரத்திலும் உடலில் இருப்பது சில அவுன்சு ஏ.டி.பி.தான். ஆனால் அது செலவாகிச் செலவாகி மீண்டும் உருவாவதைக் கணக்கிட்டால், ஒரு நாளில் மனிதனின் எடைக்கு ஏறத்தாழ ஈடாகிவிடும் என்கின்றார்கள். நாம் அயர்ந்து தூங்கும் இரவிலும் இந்த ஆலைக்கு விடுமுறை இல்லை.

எரிவது எதுவானாலும் கழிவு உண்டு. உடலில் எரிபொருள் எரியும்போது அமிலம் சேர்கின்றது. இரத்தமோ அமிலமும் காரமும் ஒரு குறுகிய எல்லைக்குள் நின்றால்தான் உயிரைத் தாங்கும். அந்த அளவைப் பி.எச். எண் என்பர். அது 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க வேண்டும். இதற்கு மூன்று காவல்கள் உள்ளன. இரத்தத்திலேயே உள்ள பைகார்பனேட் உப்பு அமிலத்தை நொடிகளில் தணிக்கின்றது. நுரையீரல் மூச்சைக் கூட்டிக் குறைத்துக் கரியமிலவாயுவை நிமிடங்களில் வெளியேற்றுகின்றது. சிறுநீரகம் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் நின்று கணக்கைச் சரிசெய்கின்றது. ஒரு நாளில் அது வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் ஒன்றிரண்டு லிட்டரைத்தான் கழித்துவிட்டு, மற்றதையெல்லாம் இரத்தத்துக்கே திருப்பித் தருகின்றது.

இன்சுலின் இல்லாத உடலில் என்ன நடக்கின்றது? நம் பகுதியிலிருந்தே ஓர் உவமை சொல்லலாம். உதிரிபாக லாரிகள் ஆலையின் வாசலில் மைல் கணக்கில் வரிசையாக நிற்கின்றன, கேட் திறக்கவில்லை, உள்ளே எந்திர வரிசை பொருளின்றி நிற்கின்றது. அவ்வாறே இரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாய் ஓட, உயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன. பட்டினி என்ற செய்தி போனதும் கல்லீரல் மேலும் சர்க்கரையை விடுகின்றது. உண்ணாவிட்டாலும் சர்க்கரை ஏறுவது இதனால்தான். கொழுப்பும் கட்டுப்பாடின்றி உருகிக் கீட்டோன் என்னும் அமிலமாகின்றது. நோன்பு வைத்த ஆரோக்கியமானவரின் உடலிலும் சிறிது கீட்டோன் உண்டாகும்; அவருடைய இன்சுலின் அதை அளவோடு நிறுத்திவிடும். தடுப்பதற்கு ஆளில்லாத உடலிலோ அமிலம் பெருகி முதல் காவல் தோற்கின்றது. இரண்டாம் காவலாகிய நுரையீரல் வேகவேகமாக மூச்சை வெளியேற்றித் தராசைத் தூக்கிப் பிடிக்கப் பார்க்கின்றது. அந்த இளைஞர் ஆழ்ந்து மூச்சு வாங்கியது இதற்காகத்தான். அவருக்கு நினைவு தவறிக்கொண்டிருந்த வேளையிலும் அவருடைய உடல் அமானிதத்தைக் காக்கப் போராடிக்கொண்டிருந்தது.

உப்பு நீரும் இன்சுலினும் பொட்டாசியமும் ஏற்றி, மணிக்கொருமுறை இரத்தத்தைச் சோதித்து, மெல்ல மெல்ல அவரை மீட்டார்கள். சாய்ந்த தராசை ஒரே இழுப்பில் நிமிர்த்தினால் அதுவும் ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். நூறாண்டுகளுக்கு முன் இந்நோய் வந்த பிள்ளைகளுக்கு மருந்தே கிடையாது. உணவைக் குறைத்துப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பதுதான் வைத்தியம். 1921இல் கனடாவின் டொரண்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்து, 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தினார்கள். அந்த ஊசியை நிஃமத் என்று எண்ணாமல், நோன்புக்கு இடையூறு என்று எண்ண வைத்துவிட்டோமே என்று நாம் வெட்கினோம்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். சூரா அர்ரஹ்மானில் அல்லாஹ் வானத்தை உயர்த்தியதையும் தராசை வைத்ததையும் சொல்லி, அந்தத் தராசில் வரம்பு மீறாதீர்கள் என்று எச்சரிக்கின்றான். சூரா இன்ஃபிதாரில் மனிதனைப் படைத்துச் செம்மையாக்கிச் சமன்படுத்தியதை நினைவூட்டுகின்றான். இந்த ஆயத்துகளில் பி.எச். எண் சொல்லப்பட்டிருக்கின்றது என்று நாம் வாதாட மாட்டோம். குர்ஆன் ஹிதாயத்துக்குரிய வேதம். அதை இரசாயனப் பாடநூலாக்குவது அதற்கு மரியாதை ஆகாது. ஆனால் தராசைக் காக்கும்படி கட்டளையிடப்பட்டவன், தன் உடலுக்குள்ளேயே ஒரு தராசு இருப்பதை அறிந்த பிறகு, அதைச் சாய்க்கலாமா?

ஒரு மறுப்பு எழலாம். நோன்பு என்றாலே கஷ்டம்தானே? கஷ்டத்துக்கேற்பக் கூலி உண்டு அல்லவா? ஆலையின் உலைக்கு முன் நின்றுகொண்டு நோன்பு நோற்பவர் உயர்ந்தவர் இல்லையா? நாமும் மிம்பரில் இப்படிப் பேசியிருக்கின்றோம். இதற்கு விடை புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சியில் இருக்கின்றது. அபூ இஸ்ராயீல் (ரலி) என்னும் ஸஹாபி உட்காருவதில்லை, நிழலுக்குப் போவதில்லை, பேசுவதில்லை, நோன்பு நோற்பேன் என்று நேர்ந்துகொண்டு வெயிலில் நின்றார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பேசவும் நிழலுக்குப் போகவும் உட்காரவும் ஏவினார்கள். நோன்பை மட்டும் நிறைவு செய்யச் சொன்னார்கள். கடமையோடு கூடவே வரும் கஷ்டத்துக்குக் கூலி உண்டு. நாமாகத் தேடிச் சேர்க்கும் கஷ்டம் இபாதத் ஆகாது. இந்த இரண்டையும் பிரித்தறியாததால்தான் பலர் இடறுகின்றோம்.

பேணுதல் என்ற சொல்லையும் நாம் மறுபடி சிந்திக்க வேண்டியிருக்கின்றது. ஐயமானதை விடுவது பேணுதல், சந்தேகமில்லை. ஆனால் அந்த இளைஞர் ஒரு பக்கம் பேணியபோது மறுபக்கம் என்ன ஆயிற்று? நோன்பு முறியுமோ என்ற மிகச் சிறிய ஐயத்தைத் தவிர்க்க, உயிர் போகும் என்ற பெரிய ஆபத்துக்குள் போனார். மார்க்கத்தின் நோக்கங்களில் உயிரைக் காப்பதும் ஒன்று என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் எண்ணிக் காட்டியிருக்கின்றார்கள். நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம் என்று சூரா பகராவில் அனுமதித்த அல்லாஹ், தான் எளிதையே நாடுவதாகவும் அங்கேயே சொல்கின்றான். ஆபத்திருந்தும் அந்த அனுமதியைத் தள்ளுபவர், கொடுத்தவனைவிடத் தாம் மார்க்கத்தை நன்கறிந்தவர் என்று சொல்லாமல் சொல்கின்றார்.

நம்மைப் போன்ற ஆலிம்களை உலுக்க வேண்டிய நிகழ்ச்சி அபூதாவூதில் வருகின்றது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம். அந்நிலையில் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்து, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதன்றோ என்ற கருத்தில் சொன்னார்கள். அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்தார்கள், காயத்தைப் பார்க்கவில்லை. நாமும் அதைத்தான் செய்தோம். அல்லாஹ் நம்மை அந்தத் தாயின் முன் பிள்ளையின் ஜனாஸாவோடு நிறுத்தவில்லை என்பது அவனுடைய கிருபையே தவிர, நம் அறிவின் சிறப்பன்று.

உழைப்பாளியின் நோன்பைப் பற்றி நம் இமாம்கள் அன்றே பேசியிருக்கின்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் அத்ரயீ (ரஹ்) அறுவடைத் தொழிலாளரைக் குறித்து, இரவில் நிய்யத் வைத்து நோன்பைத் தொடங்க வேண்டும். பகலில் தாங்க இயலாத கஷ்டம் நேர்ந்தால் விட்டுவிட்டுக் களாச் செய்யலாம் என்றார்கள். ஹனஃபி மத்ஹபின் துர்ருல் முக்தார், ரொட்டி சுடுபவரை உதாரணம் காட்டி, நோன்போடு தம்மைப் பலவீனத்தில் தள்ளும் அளவுக்கு வேலை செய்யலாகாது. பாதி நாள் சுட்டு மீதி நாள் ஓய்வெடுக்கட்டும் என்கின்றது. அடுப்பின் முன் நிற்பவரின் உடலும் ஃபிக்ஹுக்குள் வந்திருக்கின்றது பாருங்கள்! ஆனால் ரொட்டிக் கடைக்காரர் கடையை மூடலாம். அசெம்பிளி லைனில் நிற்பவர் லைனை நிறுத்த முடியாது. ஆகவே இன்று இந்தக் கேள்வி தொழிலாளியின் தலையில் மட்டும் விடிவதன்று. வேலை வாங்குபவரும் இதில் பொறுப்பாளி. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, பலத்த எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டதாக மே 1 அன்று முதலமைச்சர் அறிவித்ததை இப்பகுதி மறந்திருக்காது. மனிதன் தன் உழைப்பை விற்கலாம். அது ஹலாலான சம்பாத்தியம். தனக்குச் சொந்தமில்லாத அமானிதத்தை விற்க அவனுக்கு உரிமையில்லை. அதை வாங்க எவருக்கும் உரிமையில்லை.

இல்லத்தார் கவனத்துக்குச் சில செய்திகள். நீரிழிவுள்ளவர் ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். நோன்பு வைக்கலாமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட ரமழான் வழிகாட்டியில், நோயாளிகளை ஆபத்தின் அளவுப்படி மூன்று வகையாகப் பிரித்து, அதிக ஆபத்துள்ளோர் நோன்பைத் தவிர்க்க அறிவுறுத்தியிருக்கின்றார்கள். நோன்பு வைத்தவருக்கு இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். விரல் நுனியில் ஊசி குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது மருத்துவர் வேலை. நோயாளியும் மாற்றலாகாது, ஹஜ்ரத்தும் மாற்றலாகாது. குணமாகக்கூடிய நோயென்றால் களா. குணமாகும் என்ற நம்பிக்கையில்லாத நோயால் இயலாதவருக்கு ஃபித்யா. அளவை அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயால் நோன்பு வைக்காத ஒருவரை நம் வீடுகளிலும் அறைகளிலும் எப்படிப் பார்க்கின்றோம்? வாலிபன்தானே, இவனுக்கென்ன என்று ஒரு பார்வை பார்க்கின்றோம். அந்தப் பார்வைக்கு அஞ்சிப் பலர் மறைந்து உண்கின்றார்கள். சிலர் மறைந்து மருந்தை விடுகின்றார்கள். அல்லாஹ் அனுமதித்த ஒன்றுக்காக ஒருவரை வெட்கப்பட வைப்பது பாவமல்லவா?

அந்த இளைஞர் இப்போதும் நம் பகுதியில்தான் வேலை பார்க்கின்றார். ஆலையில் நோயைச் சொல்லிவிட்டார். அவர் அஞ்சியதுபோல் வேலை போகவில்லை. பகல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். இரவுப் படி போனதால் வீட்டுக்கு அனுப்பும் பணம் குறைந்திருக்கின்றது. எல்லா இடத்திலும் இவ்வளவாவது நடக்கும் என்று நாம் சொல்வதற்கில்லை. மருத்துவர் தடுத்திருப்பதால் அவர் ஃபித்யா கொடுத்துவருகின்றார். இஃப்தார் நேரத்தில் கஞ்சி ஊற்ற முதல் ஆளாக வந்து நிற்கின்றார். ஒரு நாள் நம்மிடம், “ஹஜ்ரத், நோன்பில்லாத எனக்கு இதில் பங்கு உண்டா?” என்று கேட்டார். நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பவருக்கு அதே போன்ற கூலி உண்டு என்ற நபிமொழியின் கருத்தைச் சொன்னோம். பிறகு ஸலாம் சொல்லிப் போகவிருந்தவரை நிறுத்தி, இன்று ஊசி போட்டாயா தம்பி என்று கேட்டோம்.

யா அல்லாஹ்! நீ தந்த உடலை உனக்கு வழிபடுவதில் செலவிடும் தவ்பீக்கையும், அதை அழிக்காமல் காக்கும் அறிவையும், தெரியாததைக் கேட்டறியும் பணிவையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.